கடாரமா, வந்தவாசியா, பொள்ளிலூரா, பாசிர் பாஞ்சாங்கா? முதல் மேசைப் போருக்கு ஓர் ஒப்பீடு

வரலாற்றில் நடந்த ஒரு போரை மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடலாம் என்று தமிழர் நால்வரிடம் சொன்னால், நால்வரும் சோழரைத்தான் கேட்பார்கள். சிங்கப்பூரில் கேட்டால் பதில் இன்னும் விரைவாக வரும்: ராஜேந்திரன், கடாரம், 1025. எங்கள் சிறு குழுவிலும் அதுதான் முதல் விருப்பமாக இருந்தது. தேக்காவில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசினோம். மூத்தவர் ஒருவர், எல்லாருக்கும் அண்ணன், பாசிர் பாஞ்சாங்கைச் சொன்னார். இன்னொருவர் ஹைதர் அலியின் பக்தர். பொள்ளிலூர் தவிர வேறெதுவும் போரே இல்லை என்றார். வந்தவாசியை முன்மொழிந்தவன் நான் ஒருவன்தான். இக்கட்டுரையும் அந்தப் பக்கச் சாய்வோடுதான் வருகிறது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஆறடிக்கு நான்கடி மேசை, அதன்மேல் குன்றும் குளமும் சாலையும், வண்ணம் பூசிய சிறு வீரர்கள், அளவுநாடா, பகடை, விதிகள். கட்டங்கள் கிடையாது. ஒரு பட்டாளம் ஒரு முறையில் எவ்வளவு தூரம் நடக்கும், எந்தத் தொலைவில் சுட்டால் பலன், எப்போது மனம் உடைந்து பின்வாங்கும் என்பவற்றை விதிகளும் பகடையும் தீர்மானிக்கும். 1824இல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளின் பயிற்சிக்காக வரைபடத்தின்மேல் ஆடத் தொடங்கிய ஆட்டத்தின் வாரிசு இது. வரலாற்றுப் போர் என்றால், தொடக்கத்தில் இரு தரப்பும் அன்று நின்ற இடத்தில் நிற்கும். அதன்பிறகு நடப்பது ஆடுபவர்கள் பாடு.

அந்தக் கடைசி வரியில்தான் தேர்வின் சூட்சுமம் இருக்கிறது. புகழ்பெற்ற போர் நல்ல ஆட்டமாக அமையும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்பேன். அன்று காலை இரண்டு தளபதிகளுக்கும் உண்மையாகவே ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருந்தனவா? ஆட்டம் முடிந்தபின், நாம் ஆடியது நடந்திருக்கக்கூடியதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய பதிவுகள் இருக்கின்றனவா? முதல் கேள்விக்கு இல்லை என்றால் ஒருவர் மட்டும் ஆடுவார், மற்றவர் சாவார். இரண்டாவதற்கு இல்லை என்றால் நாம் ஆடுவது போரை அல்ல, நம் கற்பனையை.

கடாரம்: ஆசை நிறைய, பதிவு கொஞ்சம்

இரண்டாவது கேள்வியில்தான் கடாரம் தடுக்கி விழுகிறது. "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி சொல்கிறது. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும், விச்சாதிரத் தோரணம் என்ற நகர வாயில் கைப்பற்றப்பட்டதையும், ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம் என்று ஊர்களின் வரிசையையும் அது தருகிறது. கம்பீரமான வரிகள்தான். ஆனால் பலகலம் என்றால் எத்தனை கலம்? ஒவ்வொன்றிலும் எத்தனை பேர்? கடலில் மோதினார்களா, துறைமுகத்தில் இறங்கி அடித்தார்களா? எதிர்த்து நின்றவர்கள் யாருடைய தலைமையில், எங்கே அணிவகுத்தார்கள்? கல்வெட்டின் வேலை புகழைப் பொறிப்பது. படைக்கணக்கை அதனிடம் கேட்பது நியாயமில்லை.

இதை ஆடவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஒரு துறைமுகத் தாக்குதலாக, பக்கத்துக்கு முப்பது நாற்பது பொம்மைகளோடு, கற்பனை என்று அறிவித்துவிட்டு ஆடினால் மாலைப்பொழுது இனிமையாகப் போகும். பனையோலைக் கூரைகள், மரத்துறை, கரையேறிய படகுகள் என்று மேசை அழகாகவும் இருக்கும். ஆனால் இதை வரலாற்றுப் போரின் மறு ஆக்கம் என்று பெயர்ப்பலகை வைத்துச் சமூக மன்றத்தில் பத்துப் பேருக்குக் காட்டினால், ஏழாம் நிமிடத்தில் ஒரு தாத்தா யானைகள் கப்பலில் எப்படி ஏறின என்று கேட்பார். அவருக்கு விதிப்புத்தகத்தைக் காட்டிப் பயனில்லை.

பாசிர் பாஞ்சாங்: நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய போர்க்களம்

அண்ணனின் வாதம் எளிமையானது, வலுவானதும்கூட. மற்ற மூன்று களங்களுக்கும் விமானம் ஏற வேண்டும் அல்லது கல்வெட்டைப் படிக்க வேண்டும். இந்தக் களத்துக்கு எம்ஆர்டியில் போய் இறங்கலாம். கென்ட் ரிட்ஜ் பூங்காவின் முகட்டில் நடந்தால், மலாய்ப் படைப்பிரிவு எந்தச் சரிவைப் பார்த்து நின்றது என்பது காலுக்கே புரிந்துவிடும். புக்கிட் சண்டுவில் 2002 முதல் நினைவு நிலையமும் இருக்கிறது.

1942 பிப்ரவரி 8 இரவில் ஜப்பானியர் சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் இறங்கினார்கள். 13ஆம் தேதி ஜப்பானியத் தளபதி முட்டாகுச்சியின் 18ஆவது டிவிஷன் பாசிர் பாஞ்சாங் முகட்டைத் தாக்கியது. எதிரே பிரிட்டிஷ் தரப்பின் 1ஆவது மலாயா பிரிகேட்; அதில் மலாய்ப் படைப்பிரிவின் பட்டாளங்கள். 14ஆம் தேதி, பாயிண்ட் 226 என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட புக்கிட் சண்டுவில், லெப்டினன்ட் அட்னான் சைடியின் 42 பேர் கொண்ட பிளட்டூன் இருந்த இடத்தை விட்டு நகராமல் போரிட்டது. நார்மன்டன் எண்ணெய்க் கிடங்கிலிருந்து வழிந்து எரிந்த எண்ணெய் பின்னாலிருந்த கால்வாயை நெருப்பாக்கியிருந்ததால் பின்வாங்கும் வழியும் அடைபட்டது. மறுநாள், 15ஆம் தேதி, ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்தார்.

பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. நிலம் கண்முன்னே இருக்கிறது. சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு வசதியும் உண்டு: மேசையைச் சுற்றி நிற்கும் ஆண்களில் பெரும்பாலோர் தேசிய சேவை முடித்தவர்கள். சரிவுக்கோடுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள். இயந்திரத் துப்பாக்கியை எங்கே வைப்பது என்று அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் நமக்கு விளக்குவதை நிறுத்துவதுதான் கடினம்.

சிக்கல் முதல் கேள்வியில் வருகிறது. தற்காப்புத் தரப்புக்கு என்ன முடிவுகள் மிச்சம்? நிற்பது, இன்னும் கொஞ்சம் நிற்பது. வெல்ல வழியில்லாத தரப்பை ஆடச் சொன்னால் மூன்றாம் சுற்றில் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். இதற்குக் கைகண்ட மருந்துகள் உண்டு. வெற்றியை நிலத்தால் அளக்காமல் நேரத்தால் அளக்கலாம்: முகட்டை எத்தனை சுற்றுகள் காத்தார்கள் என்பதே மதிப்பெண். காவல் தரப்பின் பொம்மைகளை மேசையில் வைக்காமல், அவர்கள் சுடும்வரை நடுவரின் வரைபடத்தில் மட்டும் குறித்து வைக்கலாம். அப்போது ஜப்பானியத் தரப்பும் எந்தச் சரிவில் ஏறுவது என்று தடுமாறும். இந்திய வீரர்களைப்போல் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஜப்பானியர் வந்ததாகவும், நால்வர் நால்வராக நடந்ததால் பிடிபட்டதாகவும் இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். நடுவர் கையில் இருக்கும் ஆட்டம் என்றால் அதையும் சேர்க்கலாம். எல்லாம் செய்தபின்னும் இது இருவர், மிஞ்சினால் மூவர் ஆடும் ஆட்டம்தான். எட்டுப் பேர் வந்து நின்றால் ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. வந்தவாசியில் செத்தவர்களுக்காக இன்று யாரும் அழுவதில்லை. 1942 அப்படியில்லை. புக்கிட் சண்டு விழுந்த அதே நாளில் அலெக்சாண்டிரா மருத்துவமனையில் படுகொலை நடந்தது. அடுத்து வந்த சூக் சிங்கில், ஜப்பானியர் சீனர்களைக் களையெடுத்துக் கொன்றதில், குடும்பத்தை இழந்த சீனப் பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். ஃபேரர் பார்க் திடலில் பிப்ரவரி 17ஆம் தேதி ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட இந்தியப் போர்வீரர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கிருந்துதான் கிளம்புகிறது. நண்பர்களுக்குள் ஆடுவது வேறு. பொதுவிடத்தில், அதிலும் பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு தினத்தை ஒட்டி ஆடினால், மேசையின் எல்லை முகட்டோடு முடிய வேண்டும், மருத்துவமனை மேசையில் இருக்கக்கூடாது, யார் யாருக்காக எதற்குச் செத்தார்கள் என்று ஒரு பலகையாவது பக்கத்தில் இருக்க வேண்டும். "சிங்கப்பூர் விழுந்தது, சபாஷ்" என்று பகடையை உருட்டிக் கைதட்டும் ஆட்டத்துக்கு நான் வரமாட்டேன்.

பொள்ளிலூர்: அழகான தோல்வி

1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்கு அருகே. குண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை, காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோவின் ஆங்கிலேயப் படையோடு சேர வேண்டும். சேர்ந்திருந்தால் மைசூரின் ஹைதருக்கு நெருக்கடி. கொற்றலை ஆற்று வெள்ளம் பெய்லியை நாள்கணக்கில் நிறுத்தியது. 6ஆம் தேதி பெரம்பாக்கத்தில் திப்பு அவரை மோதிப் பார்த்தார். மன்றோ தன் படையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேரை ஃபிளெட்சரின் தலைமையில் அனுப்ப, அவர்கள் சுற்றுவழியில் பெய்லியை அடைந்தார்கள். ஆக மொத்தம் 3,800 பேர் அளவில். 9ஆம் தேதி இரவு, காஞ்சி சில மணி நேர நடைதூரத்தில் இருக்கும்போது, பெய்லி நின்றுவிட்டார். விடிந்ததும் திப்பு, பிறகு ஹைதரின் முழுப்படை. ராக்கெட்டுகள், பீரங்கிகள், அலையலையாகக் குதிரைகள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. சதுர அணி உடைந்தது. பெய்லி கைதாகி, 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் இறந்தார். மன்றோ தன் கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்.

இன்றைய புள்ளலூர்தான் அது. அதே ஊரில் மகேந்திரவர்மப் பல்லவன் தன் எதிரிகளை அழித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. சில ஊர்களுக்குத் தலையெழுத்தே போர்தான் போலும்.

பொம்மைக்காரர்களுக்கு இந்தப் போர் ஒரு கண்கொள்ளாக் காட்சி. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு தீட்டச் செய்த பெரிய ஓவியம் இருக்கிறது; பல்லக்கில் பெய்லி, நடுவே வெடிக்கும் வண்டி, சுற்றிலும் குதிரைகள். எந்த நிறத்தில் எதைப் பூசுவது என்பதற்கு அதைவிட உற்சாகமான வழிகாட்டி கிடையாது. மேசையில் வைத்தால் மன்றத்துக்கு வரும் குழந்தைகள் எல்லாம் வந்து நிற்கும்.

ஆனால் ஆட்டமாக? பெய்லியாக உட்கார்பவருக்கு 10ஆம் தேதி காலையில் செய்ய அதிகம் இல்லை. சதுரமாக நில், சுடு, மன்றோ வருவார் என்று நம்பு. மறுதரப்பின் கணக்கோ மேசைக்கு அடங்காது. ஹைதர் ஆர்க்காட்டு நவாபின் நாட்டுக்குள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் எண்பதாயிரம் பேரை, முப்பது வீரருக்கு ஒரு பொம்மை என்ற கணக்கில் வைத்தால் இரண்டாயிரத்து அறுநூறைத் தாண்டும். அதைப் பூசி முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குக் கல்யாணமாகிவிடும். அதே குதிரைப் பொம்மைகளே, சிதறியதும், மேசை விளிம்பிலிருந்து மீண்டும் புதிய அலையாக வரட்டும் என்று வைத்துக்கொள்வதுதான் நடைமுறை வழி.

இந்தப் போரின் உண்மையான முடிவுகள் எல்லாம் அந்தக் காலைக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டன. ஆற்றங்கரையில் காத்திருப்பதா, வேறு துறை தேடுவதா? மன்றோ காஞ்சியை விட்டு நகர்வதா, கூடாதா? ஆயிரம் பேரை அனுப்பித் தன்னையே பலவீனப்படுத்திக்கொள்வதா? இரவில் நடப்பதா, நிற்பதா? இவை மேசைக்கு உரியவை அல்ல, வரைபடத்துக்கு உரியவை. ஆகவே ஹைதர் பக்தர் நண்பருக்கு நான் சொன்ன யோசனை: பொள்ளிலூரைப் பொம்மை இல்லாமல் ஆடுவோம். பெய்லி ஓர் அறையில், மன்றோ இன்னோர் அறையில், ஹைதரும் திப்புவும் கூடத்தில். நடுவர் மட்டும் எல்லா வரைபடங்களையும் பார்ப்பார். பெய்லியும் மன்றோவும் வாட்ஸ்அப்பில் நடுவருக்கு மட்டுமே எழுதலாம். நடுவர் அதைத் தாமதித்துக் கொடுப்பார், சிலவற்றை ஹைதரிடமும் காட்டுவார். ஃபிளெட்சர் தன் வழிகாட்டிகள் எதிரியின் ஆட்களோ என்று சந்தேகப்பட்டே பாதையை மாற்றினார்; அந்தச் சந்தேகம்தான் ஆட்டத்தின் உயிர். கடைசியில் இரு படைகளும் மோதும் தருணம் வந்தால் மட்டும் மேசை. நண்பர் முகம் சற்று வாடியது. அவருக்கு ராக்கெட் வேண்டும்.

வந்தவாசி: இரு தரப்பும் வெல்லக்கூடிய போர்

1760 ஜனவரி 22. வந்தவாசிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலி. அதை விடுவிக்க வந்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட். எண்ணிக்கையைப் பாருங்கள். கூட்டிடம் ஐரோப்பியர் 1,900 அளவில், இந்தியச் சிப்பாய்கள் 2,100, நாட்டுக் குதிரைப்படை 1,250. லாலியிடம் ஐரோப்பியர் 2,250, சிப்பாய்கள் 1,300. இவர்களோடு பிரெஞ்சுக்காரருக்கு உதவ வந்த மராட்டியக் குதிரைப்படையும் இருந்தது. அது சண்டையில் சேரவே இல்லை. போரை நடத்திய ஐரோப்பியப் படைகள் ஏறக்குறைய சமம், சற்று லாலி பக்கம் அதிகம். ஆட்டத்தை அமைப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முடிவுகளும் மேசைமேல்தான் எடுக்கப்பட்டன. கூட் நேராக வராமல் குன்றின் பக்கமாக ஒதுங்கி நகர்ந்து, லாலியைத் தன் நிலையை விட்டு வெளியே வரவைத்தார். லாலி குதிரைப்படையைப் பாயச் சொன்னார். அது முதலில் நகரவில்லை. பிறகு நகர்ந்தது, பீரங்கிச் சூட்டில் சிதறியது. பிரெஞ்சு லொரேன் பட்டாளம் குறுகிய நீள அணியாகத் திரண்டு கூட்டின் பட்டாளத்தின்மேல் பாய்ந்தது. மோதிய இடத்தில் பிளந்தது, ஆனால் இரு பக்கங்களிலிருந்தும் மடக்கப்பட்டு உடைந்தது. பிரெஞ்சு இடப்பக்கக் குளக்கரை அரணில் வெடிமருந்து வண்டி ஒன்று வெடிக்க, அங்கே குழப்பம். ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். நிலைமையை மீட்கப் போன பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, குதிரை சுடப்பட்டுக் கைதானார். லாலியின் சிப்பாய்கள் முன்னேற மறுத்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் வேறு விதமாக நடந்திருக்கலாம். லாலி அரணுக்குள்ளேயே நின்றிருந்தால்? லொரேன் அகல அணியில் வந்திருந்தால்? மராட்டியர் மனம் மாறியிருந்தால்? தோற்ற லாலிக்கு 1766இல் பாரிசில் மரணதண்டனை. நம் மேசையில் அவர் வென்றால் ஆட்சேபிக்க யாருமில்லை.

குறையும் உண்டு, மறைக்கமாட்டேன். தமிழ் மண்ணில் நடந்த இந்தச் சண்டையின் முக்கியப் பாத்திரங்கள் ஐரோப்பியர். இரு தரப்புச் சிப்பாய்களும் பெரும்பாலும் ஓரத்தில் நின்றார்கள். "நம்ம ஊரில் வந்து அவர்கள் சண்டை போடுகிறார்கள், நாம் வேடிக்கை பார்க்கிறோமா, தம்பி?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம்மவர்கள் ஏன் ஓரத்தில் நின்றார்கள், சம்பளம் கொடுத்தவனுக்காக எவ்வளவு தூரம் போகத் தயாராக இருந்தார்கள் என்பது ஆட்டத்துக்கு உள்ளேயே வரக்கூடிய சங்கதி. சிப்பாய் அணிகளை முன்னே செலுத்த ஒவ்வொரு முறையும் பகடை உருட்ட வேண்டும் என்று விதி வைத்தால், ஒரு தளபதி அவர்களை நம்பத் துணிகிறாரா என்பது அவர் எடுக்கும் முடிவாகிவிடும்.

எந்த அளவுப் பொம்மை?

போரைத் தீர்மானித்தபின் வரும் இரண்டாவது சண்டை இது. 28 மில்லிமீட்டர் பொம்மைகள்தான் படத்தில் பார்ப்பவர்களை மயக்குபவை. முகம் தெரியும், பொத்தான் தெரியும், விலையும் தெரியும். பாசிர் பாஞ்சாங் பிளட்டூன் போருக்கு இதுவே பொருத்தம்: 42 பேரும் எதிரே நூறு பேரும் போதும். ஆனால் குன்று இடிக்கும். 226 அடி உயரக் குன்றைப் பொம்மையின் அளவுக்கே, அதாவது 1:56 கணக்கில் செய்தால், மேசையிலிருந்து நான்கடி எழும்பி நிற்கும். ஆகவே குன்றைப் பாதிக்கும் கீழே அமுக்கத்தான் வேண்டும். நுரைப்பலகைகளைச் சரிவுக்கோடு வாரியாக அறுத்து அடுக்கினால் போதும்.

வந்தவாசிக்கு என் தேர்வு 1:72 நெகிழிப் பொம்மைகள். காரணம் கணக்கு. ஒரு சென்டிமீட்டர் பத்து மீட்டர் என்று கொண்டால் ஆறடி மேசை 1.8 கிலோமீட்டர்; களம் அடங்கிவிடும். மஸ்கட் துப்பாக்கி உருப்படியாகச் சுடும் நூறு மீட்டர், மேசையில் பத்து சென்டிமீட்டர். முப்பதுக்கு ஒரு பொம்மை என்றால் 600 பேர் பட்டாளத்துக்கு இருபது பொம்மைகள். பத்துப் பத்தாக இரண்டு வரிசை, ஒன்றுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் இடம், மொத்தம் 15 சென்டிமீட்டர், அதாவது 150 மீட்டர். உண்மைப் பட்டாளத்தின் அகலத்துக்கு மிக அருகே வந்துவிடுகிறது. மராட்டியரை விட்டுவிட்டால் இரு தரப்புக்கும் சேர்த்து முந்நூறு பொம்மைகளுக்குள் முடியும். ஒரு பெட்டியில் பொதுவாக நாற்பது வரை இருக்கும், விலையோ 28 மில்லிமீட்டர் உலோகப் பொம்மை சிலவற்றின் விலைதான். ஏழாண்டுப் போர்க்கால ஐரோப்பியப் படைகள் சிரமமின்றிக் கிடைக்கும். சிப்பாய்களுக்குத்தான் தலைப்பாகையை ஒட்டிக் கால்சட்டையைச் சீவிக் கொஞ்சம் தச்சுவேலை தேவை. மென்நெகிழியில் வண்ணம் உரியும். சோப்புநீரில் கழுவிவிட்டுப் பூசுங்கள்.

6 மில்லிமீட்டர் பற்றி ஒரு சொல். பட்டாளம் பட்டாளமாகவே தெரியும், மேசை முழுக்க மெய்யான படைக்களம்போல் இருக்கும். பொள்ளிலூரை மேசையில்தான் ஆடுவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இதுவே வழி. நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு மட்டும் நல்ல விளக்கும் உருப்பெருக்கியும் வாங்கி வையுங்கள்.

வீவக அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்ற சில விஷயங்கள். ஆறுக்கு நான்கு பலகையை ஒரே துண்டாக வாங்கினால் மின்தூக்கியிலேயே போர் தொடங்கிவிடும். மூன்றடிக்கு இரண்டடியாக நான்கு துண்டுகள் செய்து, சாப்பாட்டு மேசைமேல் சேர்த்துவிட்டு, முடிந்ததும் கட்டிலடியில் தள்ளிவிடலாம். புதிய வீடுகளில் இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பறையில் பொம்மைப் படைகளை அடுக்குவது இங்கே பலரும் செய்வதுதான். அதன் நோக்கத்துக்கு அது அத்தனை முரணும் இல்லை. இங்குள்ள ஈரக்காற்றில் தெளிப்பான் அடிப்பூச்சு சொரசொரப்பாகிப் பாழாகும், பொது நடைபாதையில் அடித்தால் அக்கம்பக்கத்தாரின் சாபமும் சேரும். தூரிகையால் பூசும் அடிப்பூச்சே நல்லது. வண்ணம், நுரைப்பலகை, பசை எல்லாம் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் கிடைத்துவிடும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள், 2023 முதல் 400 வெள்ளிக்குக் குறைந்த பொருள்களுக்கும் ஜிஎஸ்டி உண்டு, இப்போது அது 9 விழுக்காடு என்பதையும் தபால் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். முப்பரிமாண அச்சில் பிசின் கொண்டு தாங்களே வார்த்துக்கொள்பவர்கள் கூடிவருகிறார்கள். ஆனால் அந்த நெடி, மூன்றறை வீட்டில், சமையலறைக்கு அடுத்தாற்போல், வேண்டாம்.

இதில் எதையும் வாங்குவதற்குமுன், தடித்த அட்டையை மேற்சொன்ன அளவில் வெட்டி, பட்டாளப் பெயரை எழுதி, போரை ஒருமுறை ஆடிவிடுங்கள். அட்டையில் சலிப்பூட்டும் போர் பொம்மையில் சுவைக்காது. இந்த ஆலோசனையை யாரும் கேட்பதில்லை. பொம்மை வாங்கும் ஆசை அப்படி.

விதிகளில் எதைத் தேடுவது?

சந்தையில் விதிநூல்கள் குவிந்து கிடக்கின்றன. பெயர்களைவிட ஒரு குணத்தைப் பாருங்கள்: தளபதி சொன்னதைப் படை எப்போதும் செய்துவிடுகிறதா? அப்படிச் செய்கிற விதிகள் வந்தவாசிக்கு உதவாது. லாலியின் கதையே, குதிரைப்படையும் சிப்பாய்களும் சொன்னபோது நகரவில்லை என்பதுதான். சீட்டை உருவி யார் முறை என்று தீர்மானிக்கும் வகையும், ஆணையிடும்போதே பகடை உருட்டும் வகையும் இதற்குச் சரி. பாசிர் பாஞ்சாங்குக்கு மறைந்திருத்தலையும், சூட்டுக்குப் பணிந்து தலை குனிதலையும் கையாளும் சிறுபடை விதிகள் வேண்டும்.

வெடிமருந்து வண்டியை என்ன செய்வது? வந்தவாசியிலும் பொள்ளிலூரிலும் வண்டி வெடித்தது என்பதால், ஐந்தாம் சுற்றில் வெடிக்கும் என்று எழுதி வைப்பவர்கள் உண்டு. அது நாடகம். வண்டியை எங்கே நிறுத்துவது என்று ஆடுபவரிடமே விடுங்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் வைத்தால் குண்டு தீராது, ஆனால் எதிரிச் சூட்டில் தப்பித்தவறி மாட்டும். தள்ளி வைத்தால் பத்திரம், பீரங்கி பாதிச் சுற்றுகள் ஊமையாகும். விபத்து அப்போது ஒரு முடிவின் விலையாகிவிடும்.

யாருக்கு எது?

நான்கிலிருந்து ஆறு பேர், ஒரு மாலை, மன்றத்து அறை நான்கு மணி நேரம் கிடைக்கிறது, இதுவே முதல் வரலாற்றுப் போர் என்றால்: வந்தவாசி, 1:72. இருவர் மட்டும், நடந்துபோய்க் களத்தைப் பார்த்துவிட்டு வந்து நிதானமாக ஆட விரும்பினால்: பாசிர் பாஞ்சாங், 28 மில்லிமீட்டர், நிபந்தனைகளோடு. பத்துப் பேர் கூடும் விடுமுறை நாள், பேசவும் ஏமாற்றவும் ஆசை என்றால் பொள்ளிலூர், வரைபடத்தில். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடாரத்துத் துறைமுகம், கற்பனை என்ற அறிவிப்போடு.

எங்கள் குழு வந்தவாசிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஹைதர் பக்தருக்கு ஆறுதலாக, அயர் கூட்டே இருபது ஆண்டுகள் கழித்து ஹைதரோடும் மோதினார், 1781இல் பரங்கிப்பேட்டையிலும் பொள்ளிலூரிலேயே மீண்டும் ஒரு முறையும், ஆகவே இப்போது பூசும் சிவப்புச் சட்டைகளில் பல அடுத்த ஆட்டத்துக்கும் உதவும் என்று சொல்லி வைத்தோம். மராட்டியக் குதிரைப்படையை அவருக்கே கொடுத்திருக்கிறோம். களத்துக்குள் வரலாமா என்பதை அவர் ஒவ்வொரு சுற்றிலும் இரு தரப்போடும் தனித்தனியே பேரம் பேசி முடிவு செய்யலாம். வராமலே இருந்துவிட்டால் எவ்வளவு மதிப்பெண் என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு இல்லை.